1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் எக்சாபுளோரோபாசுபேட்டு

1-பியூட்டைல்-3-மெத்திலிமிடசோலியம் எக்சாபுளோரோபாசுபேட்டு என்பது அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் ஓர் உப்பாகும். அயனி நீர்மங்கள் என்ற சேர்மக் குடும்பத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆய்வகங்களில் இதனைச் சுருக்கமாகப் பிமிம் எக்சாபுளோரோபாசுபேட்டு என்பர். நிறமற்றதாகவும் பாகு போல் பிசுபிசுப்பாகவும் இருக்கும் இந்நீர்மத்தின் மூலக்கூற்று எடை 284.18. இதன் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.37 கிராம் என்பதால் நீரில் ஊற்றினால் அடியில் தனிப் படலமாகத் தங்கும். ஆவியாகாது, மணக்காது, எளிதில் தீப்பற்றாது என்பதால் பல ஆண்டுகள் இது தீங்கற்ற கரைப்பானாகவே கருதப்பட்டது. ஈரத்துடன் சேர்ந்தால் மெல்ல மெல்ல ஐதரசன் புளோரைடை வெளிவிடும் என்பதே இச்சேர்மத்தைக் கையாள்வதில் உள்ள முதன்மையான இடர் ஆகும்.

வரலாறு

அறை வெப்பநிலைக்கு அருகில் உருகும் உப்பு என்ற கருத்து பழையது. எத்திலமோனியம் நைட்ரேட்டு 12 பாகை செல்சியசில் உருகுகிறது என்பதை 1914 ஆம் ஆண்டில் பால் வால்டன் வெளியிட்டார். பின்னர் ஆராயப்பட்ட குளோரோ அலுமினேட்டு வகை நீர்மங்கள் காற்றிலுள்ள ஈரம் பட்டாலே ஐதரசன் குளோரைடாகப் புகையத் தொடங்கின. காற்றையும் நீரையும் தாங்கும் இமிடசோலியம் உப்புகளை 1992 இல் வில்க்சும் சவோரோட்கோவும் தயாரித்துக் காட்டிய பிறகே இத்துறை விரிவடைந்தது. 1999 இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பிமிம் எக்சாபுளோரோபாசுபேட்டில் கரைந்த நாப்தலீனை மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு தூய்மையாகப் பிரித்தெடுக்கலாம் என்று காட்டியது. 'பசுமைக் கரைப்பான்' என்ற பெயர் இக்காலத்தில்தான் இதற்கு ஒட்டிக்கொண்டது. அப்பெயருக்கு அடிப்படை, இது ஆவியாகிக் காற்றை மாசுபடுத்தாது என்பது மட்டுமே. நஞ்சியல்பு பற்றியோ, காலப்போக்கில் சிதைவது பற்றியோ அப்பெயர் எதுவும் சொல்லவில்லை.

தயாரிப்பும் அதிலுள்ள இடர்களும்

1-மெத்திலிமிடசோலுடன் 1-குளோரோபியூட்டேனைச் சேர்த்து வெப்பப்படுத்தினால் பிமிம் குளோரைடு உருவாகிறது. இதன் நீர்க் கரைசலுடன் பொட்டாசியம் எக்சாபுளோரோபாசுபேட்டைச் சேர்த்தால் எதிர்மின் அயனிகள் இடம்மாறி, நீருடன் கலக்காத நீர்மம் அடியில் பிரிகிறது. முதற்படி வெப்பம் உமிழும் வினையாகும். சிறு குடுவையில் கட்டுக்குள் இருக்கும் இவ்வினை, பெரிய அளவில் செய்யும்போது குளிர்விப்பு போதாமல் கைமீறிப் போகக்கூடும். மெத்திலிமிடசோல் தோலை அரிக்கும் பொருளாகும்.

பொட்டாசியம் உப்புக்குப் பதிலாக எக்சாபுளோரோபாசுபாரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. இந்த அமிலக் கரைசலில் ஐதரசன் புளோரைடு கலந்தே இருக்கும் என்பதால் இம்முறையில் இடர் மிகுதி. விளைபொருளை அமிலத்தன்மை அறவே நீங்கும்வரை நீரால் பலமுறை கழுவ வேண்டும். கழுவிய நீரைக் காட்டித் தாளால் ஒவ்வொரு முறையும் சோதிப்பது வழக்கம். சிறிதளவு அமிலம் எஞ்சி நின்றாலும் பின்னர் உலர்த்துவதற்காகச் சூடாக்கும்போது நீராற்பகுப்பு விரைவுபடும்.

நீராற்பகுப்பு

நீருடன் கலக்காது என்பதற்கு நீரை ஏற்காது என்று பொருளல்ல. நீருடன் தொட்டிருக்கும்போது இந்நீர்மம் தன் எடையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் நீரை உட்கொள்ளும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். எக்சாபுளோரோபாசுபேட்டு அயனி நடுநிலை நீரில், அறை வெப்பநிலையில், பெருமளவு நிலைப்புத்தன்மை உடையது. ஆனால் அமிலமும் வெப்பமும் சேரும்போது பாசுபரசைச் சூழ்ந்துள்ள புளோரின் அணுக்கள் ஒவ்வொன்றாக நீங்கி, ஆக்சிசன் அவ்விடத்தைப் பிடிக்கிறது. முடிவில் பாசுபேட்டு எஞ்சுகிறது. நீங்கும் ஒவ்வொரு புளோரினும் ஐதரசன் புளோரைடாகிறது.

இது ஏட்டளவிலான அச்சமன்று. 2003 இல் ராபின் ராசர்சு குழுவினர், இந்நீர்மத்தைத் தூய்மைப்படுத்தும்போது படிகங்கள் தோன்றியதைக் கண்டனர். ஆராய்ந்து பார்த்ததில் அவை பிமிம் புளோரைடின் நீரேறிய படிகங்கள் எனத் தெரிந்தது. எக்சாபுளோரோபாசுபேட்டு சிதைந்திருந்தால் ஒழிய அங்குப் புளோரைடு வர வழியில்லை. அயனி நீர்மங்கள் எப்போதும் பசுமையானவை அல்ல என்று அவர்கள் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர்.

கண்ணாடிப் புட்டியில் சேமிப்பது ஏன் தவறு என்பதும் இவ்வினையிலிருந்து விளங்கும். ஐதரசன் புளோரைடு கண்ணாடியிலுள்ள சிலிக்காவைத் தாக்கி, சிலிக்கான் டெட்ராபுளோரைடு என்ற வளிமத்தையும் நீரையும் தருகிறது. வளிமம் மூடிய புட்டியில் அழுத்தத்தைக் கூட்டும். நீரோ மீண்டும் நீராற்பகுப்புக்குப் பயன்படும். பழைய புட்டியின் உட்சுவர் மங்கியிருந்தாலோ, திறக்கும்போது புகை தெரிந்தாலோ, முன்பில்லாத காரமான நெடி வந்தாலோ அதனைச் சிதைந்ததாகவே கொள்ள வேண்டும். பாலியெத்திலீன் அல்லது டெஃப்லான் கொள்கலனில், உலர்ந்த சூழலில், திறந்த நாளைக் குறித்து வைப்பதே பொருத்தமான சேமிப்பு முறையாகும்.

உடல்நலக் கேடு

சிதையாத நிலையில் இந்நீர்மம் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும். சிதைந்த நீர்மத்தின் ஆபத்து முற்றிலும் வேறு வகைப்பட்டது. ஐதரசன் புளோரைடின் கொதிநிலை 19.5 பாகை செல்சியசு மட்டுமே. நீரில் இது வலிமை குறைந்த அமிலம் என்பதால் பாடநூல் படித்தவர்கள் இதனை எளிதாக எடைபோட்டு விடுவதுண்டு. உண்மையில் அந்த வலிமைக் குறைவுதான் தீங்கைக் கூட்டுகிறது. அயனியாகப் பிரியாத மூலக்கூறு தோலைக் கடந்து ஆழமான திசுக்களுக்குள் செல்கிறது. அங்கே புளோரைடு அயனி, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு பிறழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாள் வரை கழித்துக்கூட வலி தொடங்கலாம். சிவப்போ கொப்புளமோ இல்லை என்று காத்திருப்பது தவறு. பட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும். மாசுபட்ட ஆடைகளைக் களைய வேண்டும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு கைவசம் இருந்தால் ஐந்து நிமிடம் கழுவிய பின் கையுறை அணிந்த கையால் அதனைத் தேய்க்கலாம். களிம்பு இல்லையெனில் குறைந்தது பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இக்களிம்பை இடக்கூடாது. நீரால் தொடர்ந்து கழுவ வேண்டும். எந்நிலையிலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். ஐதரசன் புளோரைடு என்ற பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அயனி நீர்மம் என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காமல் போகலாம். இந்நீர்மத்தைச் சூடாக்கி வேலை செய்யும் ஆய்வகத்தில் களிம்பு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது, கையுறையின் தரத்தைப் பார்ப்பதைப் போலவே இன்றியமையாதது. மெல்லிய, ஒருமுறை பயன்படுத்தும் நைட்ரைல் கையுறை தெறிப்பிலிருந்து காக்கும். சிதைந்த நீர்மத்துக்கு அது போதாது. தடித்த நியோப்ரீன் அல்லது பியூட்டைல் இரப்பர் கையுறை தேவை. சூடாக்கும் வேலை எதுவும் புகையுறிஞ்சு பெட்டிக்குள்தான் நடைபெற வேண்டும்.

வெப்பமும் தீயும்

வெப்ப எடையறி பகுப்பாய்வில் சுமார் 350 பாகை செல்சியசில் இது சிதையத் தொடங்குகிறது. இவ்வளவை வேகமாகச் சூடாக்கிப் பெறப்படுவது. பல மணி நேரம் சூட்டில் வைத்தால் அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே சிதைவு நடக்கும். ஆவி அழுத்தம் மிகக் குறைவு என்பதால் சாதாரணமாகத் தீப்பற்றாது எனினும், சிதையும்போது வெளிப்படும் விளைபொருள்கள் எரியக்கூடியவை.

சுற்றுச்சூழலும் கழிவகற்றலும்

இச்சேர்மம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 20 கிராம் அளவுக்குக் கரையும். எனவே தொட்டியில் ஊற்றினால் அடியில் தங்கிவிடும் என்பது தவறான எண்ணம். இமிடசோலியம் அயனியின் ஆல்க்கைல் தொடர் நீள நீள டாப்னியா போன்ற நீர்வாழ் உயிரிகளுக்கு நஞ்சு கூடுகிறது. பியூட்டைல் தொடர் இவ்வரிசையில் கீழ்ப்பகுதியில் உள்ளது. எட்டுக் கார்பன் தொடர் கொண்ட உறவுச் சேர்மம் ஒன்று இங்கிலாந்தில் குப்பை நிரப்பிடம் ஒன்றின் அருகே மண்ணில் கண்டறியப்பட்டது. கல்லீரலின் பித்த நாளங்களைத் தாக்கும் நோய் ஒன்றுக்கு அது தூண்டுதலாக இருக்கலாம் என 2018 இல் ஆய்வாளர்கள் கருத்துத் தெரிவித்தனர். இது நிறுவப்பட்ட முடிவன்று.

சிதைந்த நீர்மம் சிந்தினால் மணலைப் போடக்கூடாது. மணலும் சிலிக்காவே. கால்சியம் கார்பனேட்டு அல்லது நீற்றிய சுண்ணாம்பைத் தூவினால் புளோரைடு கரையாத கால்சியம் புளோரைடாகப் படியும். கழிவை ஆலசன் கொண்ட கரைப்பான்களுக்கான நெகிழிக் கொள்கலனில் சேர்க்கலாம். அமிலக் கழிவுடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. எரித்து அகற்றுவதாயின் அமில வளிமங்களைக் கழுவி நீக்கும் அமைப்புள்ள உலையில்தான் எரிக்க வேண்டும்.

நீராற்பகுப்புக்கு அஞ்சிப் பலர் பிசு(டிரைபுளோரோமெத்தில்சல்போனைல்)இமைடு அயனி கொண்ட நீர்மங்களுக்கு மாறியுள்ளனர். அவை ஐதரசன் புளோரைடை எளிதில் விடுவதில்லை. ஆனால் அவற்றிலுள்ள கார்பன்–புளோரின் பிணைப்புகள் இயற்கையில் சிதைவது மிகக் கடினம்.