நகரத்தின் உஷ்ணமும் நிலத்தின் உபயோகமும்

கிராமத்தில் காய்கின்ற சூரியனே நகரத்திலும் காய்கிறான். அப்படியிருந்தும், இரண்டுக்கும் இடையே பத்து மைல் தூரங்கூட இல்லாத இடங்களிலும், பொழுது சாய்ந்தபின் கிராமம் ஆறிவிடுகிறது. நகரமோ நடுநிசி வரை ஆறுவதில்லை. இதற்குக் காரணம் வானத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. நகரங்களை அடுத்த விளைநிலங்கள் நாள்தோறும் வீட்டு மனைகளாகி வரும் இக்காலத்தில், உழவர்களும் நெசவாளர்களுமாகிய நம் சங்க அங்கத்தினர்கள் இக்காரணத்தைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகும்.

இவ்வுண்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. லண்டன் நகரத்தில் இரசாயனப் பொருள்கள் தயாரிக்கும் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்டு என்பவர், நகரத்தின் உஷ்ணத்தையும் அதனை அடுத்த கிராமப்புறத்தின் உஷ்ணத்தையும் பல ஆண்டுகள் கணக்கெடுத்து ஒப்பிட்டார். அந்த நூலின் முதற்பதிப்பு 1818-லும் 1820-லும் இரு பாகங்களாக வெளிவந்தது. பகலில் இரண்டுக்கும் வேற்றுமை மிகச் சொற்பமே என்றும், இரவிலோ நகரம் சுமார் 3.7 பாரன்ஹீட் டிகிரி அதிக உஷ்ணமாயிருக்கிறது என்றும் அவர் கண்டார். நகரவாசி முதலில் இழப்பது இரவின் குளிர்ச்சியையே என்பது இதனால் விளங்கும்.

நிலத்தின்மேல் விழும் வெயில் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்போம். தண்ணீர் ஆவியாவதற்கு மிகுதியான வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் தேவையோ, அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பம் அதே ஒரு லிட்டர் ஆவியாய்ப் போவதற்குத் தேவை. கோடையில் நீர் நின்று பயிர் செழித்த ஒரு நெல்வயல், நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை ஆவியாக்குகிறது என்று கொண்டால், ஏக்கர் ஒன்றுக்கு அது 20,000 லிட்டர் ஆகும். வெயிலின் பெரும்பகுதி இவ்வாறு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், நிலத்தையும் காற்றையும் சுடவைக்க எஞ்சுவது கொஞ்சமே. ஏரியும் தோப்பும் செய்யும் வேலையும் இதுவே.

அந்த வயல் மனையாகி, அதன்மேல் சிமெண்டுக் கட்டிடமும் தார்ச்சாலையும் அமைந்துவிட்டால், ஆவியாக்குவதற்கு அங்கே நீர் இல்லை. மழை பெய்தாலும் அது மண்ணில் ஊறாமல் சாக்கடை வழியே ஓடிவிடுகிறது. விழும் வெயிலின் பெரும்பகுதி சுவரிலும் தளத்திலும் சாலையிலும் ஏறித் தங்குகிறது. இவ்வாறு பகலெல்லாம் சேர்ந்த வெப்பத்தைக் கட்டிடங்கள் இரவிலேதான் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. திறந்த வெளியிலாயின் அது வானத்தை நோக்கிப் போய்விடும். குறுகிய தெருவின் இருமருங்கிலும் உயர்ந்த மாடிகள் நின்றால், ஒரு சுவர் விடுவதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது, காற்றோட்டமும் தடைபடுகிறது. போதாக்குறைக்கு, மோட்டார் வண்டிகளும், அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. இயந்திரங்களும் தம் உஷ்ணத்தைத் தெருவிலே கொட்டுகின்றன.

சென்னை நகரத்தின் வளர்ச்சி இதற்குத் தக்க உதாரணம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலத்தை ஒட்டித் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரிக்கரையை நினைவூட்ட 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. நகரின் தெற்கே பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சாலைகளாலும் கட்டிடங்களாலும் குப்பைமேட்டாலும் பெரிதும் சுருங்கிவிட்டது. மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பாதுகாக்கத்தக்க ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏரி போனால் அதன் ஆயக்கட்டும் உடன் போகிறது; வெயிலை வாங்கிச் செலவிட்டுவந்த நிலம் அதனைச் சேமித்துவைக்கும் நிலமாகிவிடுகிறது.

இதனை வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிடலாகாது. நெசவாலைகளுக்குப் பேர்போன அகமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் உஷ்ணம் 46.8 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. வழக்கமாக அம்மாதத்தில் நேரும் மரணங்களைவிட 1,300-க்கு மேற்பட்ட மரணங்கள் அப்போது அதிகமாக நேர்ந்தன. அதன்பின் 2013-ல் அந்நகராட்சி, வெப்ப அபாயத்தை முன்னறிவித்து மக்களைக் காப்பதற்கான திட்டத்தை வகுத்தது. பகலில் உழைத்துக் களைத்த உடல் இரவில் ஆற வேண்டும். இரவும் ஆறாவிட்டால் முதியோரும், குழந்தைகளும், தகரக் கூரையின்கீழ் வசிப்போருமே முதலில் துன்புறுகின்றனர்.

நெசவாளர்க்கு இதில் தொழில் நஷ்டமும் உண்டு. பருத்தி நூலுக்கு ஈரப்பதம் வேண்டும்; வறண்ட உஷ்ணத்தில் நூல் முறுகி அறுந்துபோகும். பூமியின் ஈரம் பாவுக்குக் கிட்டும் என்பது குழித்தறியின் நன்மைகளில் ஒன்று. ஓட்டுக் கூரை போய்த் தகரமும் சிமெண்டு ஷீட்டும் வந்த வீட்டில் தறியில் அமர்ந்தவரின் உடம்பும் காய்கிறது, பாவும் காய்கிறது. பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கென்று ஊர்ப்பொதுவில் விட்டிருந்த மரநிழல் மைதானங்களைச் சேலம் வட்டாரத்தில் 'பாவடி' என்பர். அத்தகைய இடங்களில் கட்டிடம் எழும்போது, தொழிலுக்குரிய இடத்தோடு தெருவின் குளிர்ச்சியும் போய்விடுகிறது.

நகரங்கள் வளரக்கூடாது என்பது நம் வாதமன்று. மக்கள் பெருகினால் வீடும் வேண்டும், சாலையும் வேண்டும். உலகம் முழுவதும் ஏறிவரும் உஷ்ணத்தை ஓர் ஊரார் மட்டும் தடுத்துவிடவும் இயலாது. ஆயினும் நம் நிலத்தை நாம் பயன்படுத்தும் முறையால் மேலும் சேரும் உஷ்ணத்தைக் குறைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. இதில் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் மனைப்பிரிவு அமைக்கும்போது பொதுவுக்கு விடும் நிலத்தை மூலை முடுக்கில் ஒதுக்காமல், மரம் வைக்கத் தக்க இடத்தில் ஒரே வெளியாக விடலாம். குளம் குட்டை இருப்பின் அவற்றைத் தூர்க்காமல் நடுவில் வைத்தே தெருக்களை அமைக்கலாம். இரண்டாவது, தறிக்கூடங்களின் தளத்திற்கும் கூரைக்கும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெண்மை வெயிலைத் திருப்பிவிடும், செலவும் சொற்பம். மூன்றாவது, ஊர்ப்பொதுவிலுள்ள ஏரி, பாவடி, தோப்பு ஆகியவற்றை வேறு உபயோகத்திற்கு மாற்றும் யோசனை எழும்போது, ஊராட்சிக் கூட்டத்திற்கு அங்கத்தினர்கள் திரளாகச் சென்று தம் கருத்தைப் பதிவு செய்யலாம்.

நகரின் எல்லையில் நிலம் வைத்திருப்பவர், நல்ல விலைக்கு அதனைக் கொடுப்பதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கடனும் கல்யாணமும் அவரவர் வீட்டில் உள்ளவை. ஆனால் ஓர் ஏக்கர் நஞ்சை நாள்தோறும் 20,000 லிட்டர் நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிரவைத்த கணக்கு எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. விலை பேசும்போது அக்கணக்கையும் ஒருமுறை எண்ணிப் பார்க்குமாறும், விற்காமல் வைத்துக்கொள்ளக் கூடியவற்றையேனும் விளைநிலமாகவே காத்துக்கொள்ளுமாறும் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.