பிரஷருக்கு ஒரே அளவு கிடையாது

பிரஷர் 120-க்கு 80 இருந்தால் நல்லது என்கிறோம். அது ஓய்வாக உட்கார்ந்திருக்கும் உடம்புக்கான கணக்கு. செட்டியார்பட்டியை அடுத்த இராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில், அறுந்த நூலை ஒட்டியபடி கதிர் வரிசைகளுக்கு நடுவே ஓயாமல் நடப்பவருக்கும் ஷிப்ட் முடிந்து உறங்குபவருக்கும் அதே எண் பொருந்தாது. எந்த நேரத்துக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை நரம்பு மண்டலம் அவ்வப்போது தீர்மானிக்கிறது. இதயம் அதற்குக் கீழ்ப்படிகிறது.

கழுத்தில் விரல் வைத்து நாடி பார்க்கிறோமே, அங்கேதான் தலைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவிலும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் நரம்பு நுனிகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று துடிப்புக்குத் துடிப்பு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்கின்றன. அழுத்தம் ஏறினால் முகுளம் வேகஸ் நரம்பு வழியே இதயத்தைத் தணிக்கிறது. ரத்தக்குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளை அடக்கி அக்குழாய்களைத் தளர்த்துகிறது. இறங்கினால் நேர்மாறு. பாயிலிருந்து சட்டென்று எழுந்தாலும் தலைசுற்றி விழாமல் காப்பது இந்த ஏற்பாடே.

அப்படியானால் ஓடும்போது மேல் அளவு 180-ஐத் தொட்டும் இதயம் ஏன் தணிவதில்லை? காவல் தூங்கிவிட்டதா? இல்லை. கழுத்துத் தமனியை வெளியிலிருந்து உறிஞ்சி விரித்துச் செய்த சோதனைகளில், உடற்பயிற்சியின்போதும் அந்த அனிச்சைச் செயல் நடந்தது. இலக்கு மட்டும் மேலே நகர்ந்திருந்தது. நகர்த்துவது இரண்டு செய்திகள். தசையை இயக்கும் மூளையின் கட்டளை முகுளத்துக்கும் போகிறது. உழைக்கும் தசையும் நரம்பு வழியே பதில் அனுப்புகிறது. 1937-இல் ஆலம், ஸ்மெர்க் என்ற ஆய்வாளர்கள் உழைக்கும் காலில் காற்றுப்பட்டை இறுக்கி ரத்தவோட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். கால் ஓய்ந்த பிறகும் உயர்ந்த அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் இறங்கியது. தசையில் தேங்கிய கழிவுப்பொருள்களே நரம்பைத் தூண்டியிருக்கின்றன.

உறக்கத்தில் இலக்கு கீழே வருகிறது. பகலைவிடப் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் குறைவு. படுத்திருப்பதால் வந்த குறைவுதானே என்று கேட்கலாம். விழித்தபடி படுத்துக்கிடந்தால் இவ்வளவு இறங்காது. கனவுத் தூக்கத்திலோ, உடம்பு அசையாமல் கிடக்கும்போதே பரிவு நரம்புகள் சுறுசுறுப்பாகி அழுத்தம் ஏறி இறங்குகிறது. கிடக்கும் நிலை ஒன்றே. மாறுவது மூளையின் நிலை.

மாடியேறி வந்த கையோடு எடுத்த பிரஷரை நோய் என்று கொள்ளாமல், ஐந்து நிமிடம் உட்காரச் சொல்வது இதனால்தான். பகல் அளவு சரியாக இருந்தும் உறக்கத்தில் இறங்காவிட்டால், இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து கூடும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் பிரஷர் பார்க்கப் போகும்போது, எப்போது வேலை முடிந்தது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.