பணம் எடுக்கவில்லை, ஆனாலும் செலவு!

செல்போனைத் தட்டுகிறோம். வங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்கிறோம். நமக்குச் செலவு இல்லை. வங்கிக்கு?

வங்கிக்குச் செலவு உண்டு!

உலகின் பெரிய வங்கிகள் பலவற்றின் கணக்குகள் "மெயின்பிரேம்" என்ற ராட்சத கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இன்றைய மெயின்பிரேமின் பாட்டனார், அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1964-ம் ஆண்டில் வெளியிட்ட "சிஸ்டம் 360". அதை உருவாக்க ஆன செலவு 500 கோடி டாலர்!

மீட்டர் ஓடுகிறது

மெயின்பிரேமை வாங்கினால் மட்டும் போதாது. அதில் ஓடும் மென்பொருளுக்கு மாதந்தோறும் கட்டணம் கட்டவேண்டும்.

ஐ.பி.எம். நெடுநாளாகப் பின்பற்றும் ஒரு முறை இது: 4 மணி நேரத்துக்குச் சராசரி வேலை எவ்வளவு என்று விடாமல் கணக்கு எடுப்பார்கள். அந்த மாதத்தில் எது மிக அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். ஒரே ஒரு நாள் கூட்டம் அலைமோதினாலும் போதும். அந்த மாதக் கட்டணம் ஏறிவிடும்!

முன்பு மக்கள் எப்போதாவதுதான் வங்கிக்குப் போனார்கள். இன்று டீ குடிக்கும்போதும் கணக்கைப் பார்க்கிறார்கள். சம்பள நாளில் கேட்கவே வேண்டாம்! வெறுமனே பார்ப்பதால் வங்கிக்கு வருமானம் இல்லை. ஆனால் மீட்டர் ஓடுகிறது.

என்ன வழி?

இணையதள வேலைகளுக்குப் பெரிதும் பயன்படுவது "ஜாவா" என்ற கம்ப்யூட்டர் மொழி. அதற்கென்றே 2004-ல் ஐ.பி.எம். தனிப் பொறி ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் நடக்கும் வேலை, கட்டணக் கணக்கில் சேராது. செல்போன் வழியே வரும் வேலைகளுக்கு 2014-ல் சலுகையும் அறிவித்தது.

கணக்கு விவரத்தின் நகலைச் சிறிய கம்ப்யூட்டரில் வைத்து, அங்கிருந்தே பதில் சொல்வதும் உண்டு.

ஆள் தேடிய கவர்னர்

பணம் மட்டுமா பிரச்சினை? ஆளும் வேண்டுமே!

2020-ல் கொரோனாவால் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. 40 ஆண்டுப் பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. "கோபால்" என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கவர்னர் பில் மர்பி வேண்டுகோள் விடுத்தார்!

விட்டுவிடலாமே?

பழைய கம்ப்யூட்டரை விட்டு மாறுவதும் எளிதல்ல. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, லாயிட்ஸ் வங்கியின் கம்ப்யூட்டரில் இருந்த தன் கணக்குகளை 2018 ஏப்ரலில் புதிய இடத்துக்கு மாற்றியது. குழப்பம் ஏற்பட்டது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் வங்கிக்கு விதித்த அபராதம், 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு!

அதனால்தான், செலவு அதிகம் என்று தெரிந்தும் பல வங்கிகள் மெயின்பிரேமைக் கைவிடவில்லை.