பாட்டியின் விதை டின்னும் உலக ஒப்பந்தமும்

சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டி, இப்போது ஈப்போவில் வீட்டின் பின்புறம் கத்தரி, வெண்டை, அவரை போடுகிறார். உரம் என்றால் மாட்டுச்சாணமும் சாம்பலும்தான். ஒவ்வொரு முறையும் நன்றாகக் காய்த்த செடியில் சில காய்களை முற்ற விட்டு, விதையைக் காயவைத்து, சாம்பலில் புரட்டி மைலோ டின்னில் வைப்பார். லயத்தில் இருந்த காலத்தில் அக்கம்பக்கத்தார் இப்படித்தான் விதை மாற்றிக்கொண்டார்களாம்.

சென்ற ஆண்டு கடையில் வாங்கிய கலப்பின வெண்டை விதையைப் போட்டோம். அமோகமாகக் காய்த்தது. அதன் விதையை எடுத்து மறுபடி போட்டபோது ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை. "பிள்ளைக்கு அம்மா ஜாடையே இல்லையே!" என்றார் பாட்டி. முதல் தலைமுறைக் கலப்பின விதையின் இயல்பு அது. தாய், தந்தை வகைகளின் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும்.

விதை வணிகம் இன்று சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. 2018இல் ஜெர்மனியின் பாயர், அமெரிக்காவின் மொன்சாண்டோவை வாங்கியது. 2019இல் குஜராத்தில், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு வகையைப் பயிரிட்டதாக விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மீட்டுக்கொண்டது.

நம் நாட்டில் நிலைமை என்ன? புதிய வகையை உருவாக்கியவருக்குப் பலன் வேண்டும் என்பது நியாயமே. அதே சமயம் 2004ஆம் ஆண்டின் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம், 31ஆவது பிரிவில் சிறு விவசாயிக்கும் இடம் தருகிறது. பதிவு பெற்ற வகையானாலும் தன் நிலத்தில் விளைந்ததை அவர் மறுபடி பயிரிடலாம். நியாயமான அளவில் மற்ற சிறு விவசாயிகளுடன் விதை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 2022இல் மலேசியா ஏற்றுக்கொண்ட சிபிடிபிபி வாணிப ஒப்பந்தம், யுபோவ் 1991 உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. பதிவு பெற்ற விதையை விவசாயிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அந்த உடன்படிக்கை இடம் தருவதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதை எதிர்த்து வருகிறது.

பாட்டியின் நாட்டு வகைகளை யாரும் பதிவு செய்யவில்லை. இந்தச் சட்டம் அவற்றைத் தொடாது. ஆனால் விதை எடுத்துவைக்க ஆள் இல்லையென்றால் அவை தாமாகவே அழிந்துவிடும். பிறகு பதிவு பெற்ற விதை மட்டுமே மிஞ்சும்.

நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஒரு பிடி விதை கேளுங்கள். ஒரு தொட்டியில் போட்டு, காய்த்ததும் விதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுங்கள்.