ஹந்தானை ஏற்றமும் கெண்டைக்காலும்

கண்டி நகரிலிருந்து ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்கு நடந்தே ஏறுகிறவர்கள் பாதி வழியில் நின்று கெண்டைக்காலைப் பிசைந்துவிடுவார்கள். மலைச்சரிவில் பாதம் மேல்நோக்கி மடங்க, குதிகாலுக்கு மேலுள்ள தசை இழுபட்டுப் போகிறது. வலிப்பது அதுதான். ஆனால் அந்தத் தசைக்கு மிகுந்த வலிமை கிடைப்பதும் அந்த இழுபட்ட நிலையில்தான்.

கணுக்கால் ஒரு கீல். நிமிர்ந்து நிற்கும் நிலையிலிருந்து பாதம் மேல்நோக்கி ஏறக்குறைய 20 பாகையும், கீழ்நோக்கி 50 பாகை வரையும் அசையும். மேல்நோக்கி மடங்கிய பாதத்தைக் கெண்டைத்தசை பலமாக உந்தித் தள்ளும். கால்விரல் நுனியில் எக்கி நிற்கையில் அதே தசையின் உந்துவிசை வெகுவாகக் குறைந்துவிடும்.

ஏன்?

மாத்தளை முத்துமாரியம்மன் தேரை நினைத்துக்கொள்ளலாம். வடத்தை எட்டிப் பிடிக்கும் கைகள் கூடக்கூடத் தேர் நகரும். கூட்டம் நெருக்கியடித்தால் ஒருவர்மேல் ஒருவர் முட்டி இழுக்க முடியாது; வடம் விலகிப்போனாலும் கைகள் எட்டாது. தசைநாருக்குள் ஆக்டின் இழைதான் வடம், மயோசின் இழையிலுள்ள நுண்தலைகளே கைகள். 1966இல் கோர்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் தவளையின் தசைநாரில் இதை அளந்து காட்டினார்கள். நாரின் ஒவ்வொரு கண்ணியும் 2 முதல் 2.2 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும்போது விசை உச்சம், ஏறக்குறைய 3.65 மைக்ரோமீட்டருக்கு நீட்டினால் விசையே இல்லை. மூட்டின் கோணம் மாறும்போது மாறுவது இந்த நீளம்தான்.

கணுக்காலில் இன்னொரு நுட்பமும் உண்டு. கெண்டையில் முக்கியமானவை இரண்டு தசைகள். மேலே புடைத்துத் தெரியும் காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடையெலும்பில் தொடங்குகிறது. அதனடியில் உள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. முழங்காலை மடக்கினால் முதலாவது தளர்ந்து வலுவிழக்கும். இரண்டாவதற்கு அந்த மடிப்பால் ஒன்றும் ஆகாது.

கண்டிய நடனத்தின் அடிப்படை நிலையான மண்டியவில் முழங்கால்கள் வெளிப்புறம் மடங்கியே இருக்கும். எசல பெரஹரா ஊர்வலத்தில் எல்லோர் கண்ணும் ஆடுகிறவரின் வெஸ் தலையணியின் மினுமினுப்பில் நிற்கும். முழங்காலுக்குக் கீழேயும் ஒருமுறை பார்க்க வேண்டும். மடங்கிய முழங்காலோடு ஆடுகிறவரின் பாதத்தை உந்தும் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது சோலியஸ். இயன்முறை மருத்துவர்கள் குதிகாலை உயர்த்தும் பயிற்சியை முழங்காலை நீட்டியும் மடக்கியும் இருவிதமாகச் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நின்றபடி குதிகாலை உயர்த்திக் கெண்டையின் மேற்புடைப்பைத் தொட்டால் கல்லாக இருக்கும். நாற்காலியில் அமர்ந்து அதையே செய்தால் அந்தப் புடைப்பு மெத்தென்று கிடக்கும். இறுகுவது அதற்குக் கீழே, பக்கவாட்டில்.