பிச்சாண்டார்கோவில் ஜி. ராமநாதன்: மெட்டு யாருடையது?

திருவெறும்பூர்ல இருந்து பேசுறோம். நம்ம ஊர்ல இருந்து பஸ் ஏறி, திருச்சி டவுனைத் தாண்டி, காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடப் பாலம்னு போனா அக்கரையில வர்ற ஊர் பிச்சாண்டார்கோவில். உத்தமர்கோவில் இருக்கிற ஊர்னு சொன்னா சட்டுனு புரியும். 'சங்கீத சக்கரவர்த்தி' ஜி. ராமநாதன் பிறந்தது அங்கேதான்.

"பாகவதர் பாட்டு", "டி.எம்.எஸ். பாட்டு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மெட்டுப் போட்டது யாருன்னு கேட்டா பாதிப் பேர் யோசிப்பாங்க. அதனால இந்த எபிசோட் முழுக்க அவரைப் பற்றித்தான்.

ராமநாதனின் அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்தவர். தம்பிக்கு அந்த மேடைதான் பயிற்சி. கதாகாலட்சேபத்துல ஒரு விஷயம் கவனிங்க: கதை அழுகைக்குத் திரும்பினா ராகமும் உடனே திரும்பணும், சபை கொட்டாவி விடறதுக்குள்ள அடுத்த இடத்துக்குப் போகணும். சினிமாவுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாதுன்னு எனக்குத் தோணுது. அன்றைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற ராகத்தை அதற்குள் காட்டியாக வேண்டும்.

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். 'மன்மத லீலை' பாட்டு சாருகேசி ராகம். சாருகேசியின் கீழ்ப்பாதி ஸ்வரங்கள் சங்கராபரணம் மாதிரி இருக்கும். மேலே போனா தோடியின் சாயல் வந்துடும். குஷியா ஆரம்பிச்ச பேச்சு பாதியில நெகிழ்ந்துபோற மாதிரி. சபைகளில் அதிகம் புழங்காத ராகம் இந்தப் பாட்டால் டீக்கடை வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் படத்தில் பாட்டும் இசையும் பாபநாசம் சிவன் பெயரில் இருக்கிறது. ராமநாதனுக்குக் கிடைத்தது வாத்திய அமைப்புக்கான பெயர்தான். ஆர்மோனியத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உருவாக்கின பாட்டில் எந்த வளைவு யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? சிவனுக்குரியதைச் சிவனுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே இன்னொரு சாட்சியையும் பார்க்கணும்.

பதினாலு வருஷம் கழித்து, 1958-இல், 'சாரங்கதாரா' படம். இசை முழுக்க ராமநாதன். அதில் டி.எம்.எஸ். பாடிய 'வசந்த முல்லை' மறுபடியும் சாருகேசி! ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. பாகவதர் குரலில் உச்சிக்கு ஏறிக் கொஞ்சுகிற ராகம், இங்கே சிவாஜியின் நடைக்கு ஏற்ற மாதிரி கம்பீரமா இறங்கி வருது. ராகம் ஒண்ணுதான். பாடுகிற தொண்டையும் நடிக்கிற முகமும் மாறியதால் மெட்டின் உடம்பே மாறிவிட்டது. இந்தக் கணக்கு தெரிஞ்சவர் 1944-லயும் வெறும் வாத்தியத்தை மட்டும் அடுக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்னு என்னால நம்ப முடியலை.

குரலைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படித்தான். 'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'க்கு ராமநாதன் இசையில் டி.எம்.எஸ். பாடினார். அப்புறம் அந்த முகத்தையும் குரலையும் யாராலும் பிரிக்க முடியலை. நம்ம மலைக்கோட்டைக்காரர் திருச்சி லோகநாதனுக்கும் 1950-இல் 'மந்திரி குமாரி'யில் ஜிக்கியோடு பாடிய 'வாராய் நீ வாராய்' பெரிய அடையாளமாச்சு. மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட நினைப்பவன் பாடுகிற பாட்டு அது. மெட்டு மட்டும் தாலாட்டு மாதிரி இருக்கும். அந்த இனிமைதான் பயமே.

கர்நாடக ராகத்தைத் தாண்டத் தெரியாதவர் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1956-இல் ஹிட்ச்காக் படத்தில் டோரிஸ் டே பாடிய ஆங்கிலப் பாட்டின் மெட்டு அடுத்த வருஷமே 'ஆரவல்லி'யில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று தமிழாகிவிட்டது. 'உத்தம புத்திரன்' படத்தில் ஹெலன் ஆட, மேல்நாட்டுத் துள்ளலில் 'யாரடி நீ மோகினி'. அதே கைதான் 'அம்பிகாபதி'யில் அழுகைக்கென்று ஒதுக்கி வைத்த முகாரியை எடுத்துக் காதல் டூயட் போட்டது.

1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. அடுத்த வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்கு விருது கிடைத்ததை ஊரே சொல்லும். அதே விழாவில் ராமநாதனுக்கும் இசைக்கான விருது கிடைத்தது. அதை எத்தனை பேர் சொல்றாங்க?

1961-இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்காகப் பாரதியார் பாடல்களுக்கு மெட்டமைத்தார். 'என்று தணியும்' பாட்டைத் திருச்சி லோகநாதன் பாடினார். பாரதியை இன்றைக்கும் பள்ளி விழாக்களில் பலர் பாடுவது ராமநாதன் போட்ட மெட்டில்தான், அவர் பெயர் தெரியாமலே.

1963-இல் அவர் காலமானார். டி.ஆர். பாப்பாவோடு சேர்ந்து இசையமைத்த 'அருணகிரிநாதர்' அடுத்த வருஷம்தான் திரைக்கு வந்தது.