தகரப் பெட்டியில் கடல் கடந்த ரகசியம்

ஒரு நாடு தன் நட்பு நாட்டுக்கு ஆயுதம் விற்பது நமக்குத் தெரிந்த சங்கதிதான். நம் நாடே 2022 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணைகளைப் பிலிப்பைன்ஸுக்கு விற்க, சுமார் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தவணையும் போய்ச் சேர்ந்தது. ஆனால் பொருளை விற்பது வேறு. அதைச் செய்யும் வித்தையையே தூக்கிக் கொடுப்பது வேறு. பொருளை வாங்கியவன் ஸ்பேர் பார்ட்ஸுக்காவது நம்மிடம் வருவான். வித்தையைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கவே முடியாது! அப்படியும் ஒரு நாடு கொடுத்தது. ஏன், எப்படி? பார்ப்போமா?

செம்புக் கட்டையும் சில துளைகளும்

1940. இரண்டாம் உலகப் போர். பிரிட்டனிடம் ரேடார் இருந்தது. ஆனால் அலைநீளம் மீட்டர் கணக்கில். அலை நீண்டால் ஆன்டெனாவும் பெரிதாகும். விமானத்தின் மூக்கில் அடங்க வேண்டுமானால் 10 செ.மீ. அலை வேண்டும். அந்த அலையில் போதிய சக்தி தரும் வால்வு பிரிட்டனிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ராண்டல், பூட் இருவரும் அந்த ஆண்டு பிப்ரவரியில் இதற்கு வழி கண்டார்கள். ஒரு செம்புக் கட்டை. நடுவே பெரிய துளை, சுற்றிலும் சின்னத் துளைகள். நடுவில் கேதோடு, வெளியே காந்தம். கேதோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களைக் காந்தப்புலம் வளைத்துச் சுற்ற வைக்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஓசை எழுமே, அதுபோல எலெக்ட்ரான்கள் கடந்து போகும்போது துளைகளில் மைக்ரோவேவ் எழுகிறது. இதுதான் 'கேவிட்டி மேக்னெட்ரான்'. சில மாதங்களிலேயே சுமார் 10 கிலோவாட் துடிப்புகளைத் தந்தது!

ஏன் கொடுத்தார்கள்?

குண்டு விழும் ஊரில் ஆயிரக்கணக்கில் தயாரிக்க ஏது தொழிற்சாலை? அமெரிக்காவிடம் இருந்தது. ஆனால் அது போரில் இறங்கியதே 1941 டிசம்பரில்தான். இருந்தும், ஹென்றி டிசார்ட் தலைமையில் ஒரு குழுவை பிரிட்டன் அனுப்பியது. மேக்னெட்ரான் வைத்த பெட்டியை எடுத்துப்போனவர் பௌவன் என்ற விஞ்ஞானி. லண்டன் ரயில் நிலையத்தில் போர்ட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்க, இவர் பின்னாலேயே ஓடினாராம்! லிவர்பூலில் கப்பலேறி, செப்டம்பர் 6-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இறங்கினார்கள். பிரிட்டன் ஆசைப்பட்ட நார்டன் குண்டெறி கருவியை அமெரிக்கா அப்போது தரவில்லை. ஆனாலும் மேக்னெட்ரான் கைமாறியது.

டிராயிங்கில் ஆறு, ஐட்டத்தில் எட்டு!

பெல் ஆய்வகத்தில் பெட்டிக்குள் இருந்ததை எக்ஸ்-ரே எடுத்தார்கள். டிராயிங்கில் ஆறு துளை, இதிலோ எட்டு! அக்டோபரில் பிரிட்டனுக்குக் கேட்டுவிட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஆறு, ஏழு, எட்டு துளைகள் வைத்துச் செய்து பார்த்திருந்தார்கள். வந்து சேர்ந்தது எட்டுத் துளை ரகம். அதையே அமெரிக்கர்கள் நகலெடுத்தார்கள். விளக்கம் சொல்ல ஆள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்!

அடுத்த சிக்கல் உற்பத்தி. கெட்டிச் செம்பில் துளைகளைத் துல்லியமாகக் கடைந்தெடுக்க நல்ல மெஷினிஸ்ட்டும் வேண்டும், நேரமும் வேண்டும். இங்கே கை கொடுத்தவர் ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்! மெல்லிய செம்புத் தகடுகளை பிரஸ்ஸில் அச்சடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்றவைத்தால் போதும் என்றார். உற்பத்தி பல மடங்கு எகிறியது.

எம்.ஐ.டி.யில் இதற்கென்றே தொடங்கிய கதிர்வீச்சு ஆய்வகத்தில் போர் முடியும்போது சுமார் 4,000 பேர் வேலை பார்த்தார்கள். பழைய 1.5 மீட்டர் ரேடாரைக் கண்டுபிடிக்க ஜெர்மன் நீர்மூழ்கிகளில் கருவி இருந்தது. 10 செ.மீ. அலை அதன் காதில் விழவே இல்லை. 1943-ல் அட்லான்டிக் சண்டை திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் வந்த வழி அதுதான். கொடுத்ததற்குப் பலன் கிடைத்ததா இல்லையா?

ஆக, தொழில்நுட்பம் என்பது வெறும் டிராயிங் அல்ல. டிராயிங், மாதிரி, விளக்கம் சொல்ல ஆள், வாங்கிக்கொள்ளும் இடத்தில் அதைச் செய்து முடிக்கும் கைகள், இந்த நான்கும் சேர்ந்தது. நான்காவது இல்லாத நாட்டுக்கு என்ன கொடுத்தாலும் அது பெட்டியிலேயேதான் கிடக்கும். ஒர்க்‌ஷாப்பில் அழுக்குச் சட்டையோடு நிற்கும் நாம்தான், நண்பர்களே, அந்த நான்காவது!